ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு



ரசாயனம் பயிலும் மாணவன் நான். பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் 0.0001 கிராம் வரை காட்டும் தராசின் முன்னே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் நிறுக்கும் முதலாண்டு மாணவரைக் கடிந்துகொள்பவன். அப்படிப்பட்ட நான், சென்ற ஆடி மாதத்து இரவொன்றில், என் அறைத்தோழருக்கு ஏறக்குறையக் கடல்நீரையே கலந்து குடிக்கக் கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். நடந்தது அதுதான். அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

நடந்தது இது

கொல்கத்தாவின் மழைக்காலம் உங்களுக்குத் தெரியாததன்று. அன்று விடுதி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். என் அறைத்தோழர் அந்தத் தண்ணீரிலும் நடந்து சென்று, தெருமுனையில் புச்கா தின்று திரும்பினார். நம் ஊரில் பானிபூரி என்கிறோமே, அதற்கு இங்கே பெயர் புச்கா. பண்டம் சுவையானது. அதில் ஊற்றும் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நள்ளிரவுக்குள் ஏழு முறை எழுந்து ஓடினார். கண் உள்ளே போயிற்று, நாக்கு வறண்டது, கெண்டைக்கால் குரக்கு வலித்தது.

என்னிடம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன், பொட்டலம் முழுவதையும் கொட்டினேன், கலக்கிக் கொடுத்தேன். தோழர் தூத்துக்குடிக்காரர். ஒரு வாய் குடித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னலே இது? எங்க ஊரு உப்பளத்துல மொண்டுட்டு வந்தியா?"

"மருந்து அப்படித்தான் இருக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி" என்றேன், பெரிய வைத்தியன் போல. பாதி டம்ளர் குடித்தார். ஐந்தாவது நிமிடம் அத்தனையும் வாந்தியாக வெளியே வந்தது.

ஓசை கேட்டு, விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்யும் வங்காள அம்மையார் வந்தார். அவரை நாங்கள் 'மாசி' என்று அழைப்போம். நம் ஊர்ச் சித்தி, பெரியம்மா என்பதற்கு நேரான சொல். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கிழிந்த பொட்டலத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "ஏக் லிட்டார், பாபா! ஏக் லிட்டார்!" என்று கூவி, தம் அறைக்குச் சென்று இன்னொரு பொட்டலமும் ஒரு லிட்டர்ப் புட்டியும் கொண்டுவந்தார். புதிதாகக் கலந்தார். கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

காலையில் மருத்துவர் வந்து பார்த்தார். "வளர்ந்த ஆள், அதுவும் வாந்தி எடுத்துவிட்டார், பிழைத்தது. இதே டம்ளரை ஒரு கைக்குழந்தைக்குக் கொடுத்திருந்தால்..." என்றவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

தோழர் தேறி எழுந்த பின் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டு முதல் பரிந்துரைக்கும் கலவை இது. ஒரு லிட்டர் நீருக்குச் சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஆக மொத்தம் 20.5 கிராம். இதைக் கரைத்தால் ஒரு லிட்டரில் 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோஸும் இருக்கும். மோல் என்பது வேறொன்றுமன்று. முட்டையை டஜனாக எண்ணுவதுபோல, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுவதற்கு ரசாயனிகள் வைத்துக்கொண்ட பெரிய எண். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை நான் 200 மில்லி டம்ளரில் கொட்டினேன். எல்லாம் ஐந்து மடங்கு. சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல். நம் இரத்தத்தில் இருப்பது 135 முதல் 145 வரை. கடல்நீரில் இருப்பது சுமார் 470. உப்பளத்து ஊர்க்காரர் நாக்கு பொய் சொல்லவில்லை. என் தராசு அறிவுதான் பொய்த்துப் போயிற்று.

இந்தப் பிழை என் ஒருவனுடையது மட்டுமன்று. கடைகளில் ஒரு லிட்டர்ப் பொட்டலமும் கிடைக்கிறது. 200 மில்லிப் பொட்டலமும் கிடைக்கிறது. அவசரத்தில் அளவை யார் வாசிக்கிறார்கள்? 'ஒரு பொட்டலம், ஒரு டம்ளர்' என்று கை தானாகவே செய்துவிடுகிறது.

உப்பு ஏன்? சர்க்கரை ஏன்?

தண்ணீர் போனால் தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பேதியில் போவது வெறும் தண்ணீரன்று. சோடியமும் பொட்டாசியமும் கரைந்த நீர். உப்புநீர் குடித்தால் என்ன? அதுவும் போதாது. நோயுற்ற குடலில் உப்பு உள்ளே நுழையும் சாதாரண வாயில் சரியாக வேலை செய்வதில்லை.

ஆனால் இயற்கை இன்னொரு வாயில் வைத்திருக்கிறது. அந்த வாயிற்காவலன் விசித்திரமானவன். சோடியம் தனியே வந்தால் விடமாட்டான். குளுக்கோஸ் தனியே வந்தாலும் விடமாட்டான். இரண்டும் கைகோத்து வந்தால் கதவைத் திறப்பான். அவை உள்ளே செல்லும்போது தண்ணீரும் பின்னே செல்கிறது. 1960-ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் விஞ்ஞானி பிராக் நகரத்து மாநாடொன்றில் இந்த உண்மையை எடுத்துரைத்தார். காலரா நஞ்சு குடலை எவ்வளவு கலக்கினாலும் இந்த வாயிலை மட்டும் அடைப்பதில்லை. கோடிக்கணக்கான உயிர்கள் தப்பியது இந்த ஒரு வாயிலின் வழியேதான்.

அப்படியானால் உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டால் இன்னும் விரைவாகக் குணமாகுமே? இங்கேதான் அளவு வந்து குறுக்கே நிற்கிறது. நம் வீட்டில் மாவடு போடுவதை நினைத்துப் பாருங்கள். வடுவின்மேல் உப்பைத் தூவி வைத்தால் மறுநாள் சாடியில் நீர் ஊறி நிற்கிறது. அந்த நீர் யார் ஊற்றியது? வடுவின் உள்ளேயிருந்து வந்தது. அடர்த்தி மிகுந்த பக்கம் தண்ணீரை இழுக்கும். குடலுக்குள் அடர்த்தி மிகுந்த கரைசலை ஊற்றினால், இரத்தத்திலிருக்கும் நீரும் குடலுக்குள் இழுக்கப்படும். தாகம் தீர்க்கக் கொடுத்த மருந்தே நோயாளியை வடுமாங்காயாக வற்றவைக்கும். சர்க்கரை மிகுந்தால் பேதி மிகும். உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும். வலிப்பும் மயக்கமும் வரும். சிறு குழந்தைக்கு அது உயிர்ச்சேதம்.

கரைசலில் உள்ள எல்லாத் துகள்களையும் கூட்டிச் சொல்லும் எண் ஒன்று உண்டு. 1975-இல் வகுத்த பழைய கலவையில் அந்த எண் 311. இரத்தத்தினுடையதைவிடச் சற்று அதிகம். 2002-இல் அதை 245-ஆகக் குறைத்தார்கள். குறைத்ததனால் குழந்தைகளுக்குப் பேதியும் வாந்தியும் குறைந்தன. ஊசிவழி நீர் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. பல லட்சம் உயிர்களைக் காத்த கலவையைக்கூட அளவில் இன்னும் திருத்த இடம் இருந்தது என்பதை நோக்குக.

நாம் வாழும் நகரத்தின் கதை

இந்தக் கதையின் பெரும்பகுதி நாம் படிக்கும் இந்நகரிலேயே நிகழ்ந்தது. 1883-இல் ராபர்ட் காக் காலராக் கிருமியைத் தேடி இங்கே வந்தார். 1953-இல் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்னும் மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து 186 காலரா நோயாளிகளுக்கு மருத்துவம் செய்ததை எழுதி வெளியிட்டார். லிட்டருக்கு உப்பு 4 கிராம், குளுக்கோஸ் 25 கிராம் என்பது அவர் வைத்த அளவு. உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1959-இல் சம்புநாத் தே, காலராவில் கொல்வது கிருமி வெளியிடும் நஞ்சே என்று இந்நகரில் செய்த பரிசோதனையால் நிறுவினார். 1968-இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் காஷும், வெளியேறும் நீரை அளந்து, அதற்கு ஈடாகக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் ஊசிவழி நீரின் தேவை பெரிதும் குறையும் என்று காட்டினர்.

இடையே ஒரு துயரமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் மணிலாவில் ராபர்ட் பிலிப்ஸ் என்னும் மருத்துவர் இதே வழியை முயன்றார். கருத்து சரியானது, கரைசலின் அடர்த்தி மிகுந்துவிட்டது. நோயாளிகள் சிலர் இறந்தனர். அளவுப் பிழையால் நல்ல கருத்தொன்று சில ஆண்டுகள் தடைப்பட்டு நின்றது.

பின்னர் 1971 வந்தது. வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தனர். பன்கான் ஊரிலே காலரா. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீரத் தொடங்கிற்று. அங்கே பணியாற்றிய திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ் 22 கிராம், சாதாரண உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று லிட்டருக்கு அளவு வகுத்தார். கல்கத்தாவிலே அவற்றை நிறுத்துப் பாலிதீன் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியால் பையின் வாயை ஒட்டி முகாமுக்கு அனுப்பினார்கள். நோயாளியின் தாயோ, தம்பியோ, மாமனோ கரைசலைக் குடிக்க வைத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் என்று இருந்த சாவு, அவருடைய முகாமில் 3.6 ஆகக் குறைந்தது. 2022-இல் அவர் இந்நகரிலேயே காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். குடிக்க வைத்தவர்கள் நோயாளிகளின் உறவினர்கள். ஆயினும் சாவு குறைந்தது. ஏன்? நிறுக்கும் வேலையை நிறுக்கத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே செய்துவிட்டார்கள். முகாமில் இருந்தவர்கள் அளக்க வேண்டியிருந்தது தண்ணீர் ஒன்றை மட்டுமே. பொட்டலத்தின் பெருமை அதில்தான் இருக்கிறது. அந்த ஒரே ஒரு அளவையும் நான் தவறவிட்டேன்!

கரண்டி என்னும் கள்ளன்

பொட்டலம் கைவசம் இல்லாத வேளையில் வீட்டிலேயே கலக்கலாம். சுத்தமான நீர் ஒரு லிட்டர்; சர்க்கரை ஆறு தேக்கரண்டி; உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாக் கரண்டியும் தலைதட்டிய கரண்டி. இதை மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். இங்கே 'நூன் சினிர் ஜல்' என்பார்கள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். தேக்கரண்டி என்பது 5 மில்லி. அதில் தலைதட்டிய பொடியுப்பு சுமார் 6 கிராம். அரைக்கரண்டி 3 கிராம். அதாவது சோடியம் 51 மில்லிமோல். சர்க்கரை கரண்டிக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். ஆறு கரண்டிக்குச் சுமார் 25 கிராம். குடலில் சர்க்கரை பிளந்து பாதி குளுக்கோஸாகிறது. அது 73 மில்லிமோல். பொட்டலத்தில் இருப்பது 75. பாருங்கள், எளிய கரண்டிக் கணக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது! பொட்டாசியம் மட்டும் இதில் இல்லை. ஆகவேதான் பொட்டலம் கிடைத்தவுடன் அதற்கு மாறிவிட வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் 'கரண்டி' என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. கரண்டியோ பெரிய கள்ளன். முதலாவது, எல்லாத் தேக்கரண்டியும் 5 மில்லி அன்று. உணவுக்கூடத்தில் நாம் பாயசம் குடிக்கும் கரண்டி வேறு. தேநீர் கலக்கும் கரண்டி வேறு. இரண்டாவது, தலைதட்டுவதும் குவிப்பதும் ஒன்றன்று. அரைக்கரண்டி என்பதைக் குவித்த முழுக்கரண்டியாக எடுத்தால் உப்பு 9 கிராமைத் தொட்டுவிடும். லிட்டருக்கு 9 கிராம் என்பது மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் உப்புநீரின் அடர்த்தி, சோடியம் 154. பேதிக்காரர் குடிப்பதற்கு அது ஆகாது. மூன்றாவது, கல்லுப்பும் பொடியுப்பும் கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று இருக்கிறது. கரண்டி இடத்தை அளக்கிறதே அன்றி, எடையை அளப்பதில்லை. நமக்கு வேண்டியதோ எடை.

'சரி, தராசிலேயே நிறுத்துவிடுவோம்' என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் சமையலறை மின்தராசைக் கொண்டுவந்தார். அது கிராம் கிராமாகக் காட்டுவது. அதில் '3' என்று தெரிந்தால் உண்மை எடை 2.5 முதல் 3.5 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆறில் ஒரு பங்கு பிழை! அன்றியும் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில மலிவுத் தராசுகள் அதைக் கவனியாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். கருவி பளபளப்பாக இருப்பதால் அளவு சரியாகிவிடாது.

இதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு தந்திரம் உண்டு. சிறிய எடையை நேரே நிறுக்காதே. பெரிதாக நிறுத்து, அதிலிருந்து சிறிதாக எடு. 30 கிராம் உப்பை நிறுத்தால் அதே அரைக்கிராம் பிழை அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதை நீரில் கரைத்து மொத்தம் 500 மில்லியாக்கி, அதிலிருந்து 50 மில்லி எடுத்தால் அதில் 3 கிராம் உப்பு இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் செய்யும் வேலைதான் இது. தத்துவத்தை அறிவதற்காகச் சொன்னேன்; அடர்ந்த உப்புநீரைப் புட்டியில் ஊற்றி அறையில் வைத்துவிடாதீர்கள். இருட்டில் யாரேனும் எடுத்துக் குடிப்பார்கள்.

எந்தப் பிழை பெரிது?

அளவில் கவனம் வேண்டும் என்றால் எல்லாவற்றிலும் ஒரே அளவு கவனம் வேண்டும் என்பதன்று. எந்தப் பிழை பெரிது, எது சிறிது என்று அறிந்து, பெரியதன்மேல் கவனத்தைச் செலுத்துவதே அறிவுடைமை.

சர்க்கரையும் உப்பும் ஒரு லிட்டர் நீரில் விழுந்தால் கரைசலின் கொள்ளளவு சுமார் 17 மில்லி கூடும். அதனால் வரும் பிழை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழ். விட்டுவிடலாம். ஆய்வுக்கூடத்தில் குடுவையின் நீர்மட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்து, வளைவின் அடியைப் பார்க்கிறோமே, அதில் ஒரு மில்லி தவறினால் ஆயிரத்தில் ஒன்று. விட்டுவிடலாம். கொல்கத்தா வெயிலில் நீர் விரிவதால் வரும் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதையும் விட்டுவிடலாம்.

டம்ளருக்கு வருவோம். 'ஐந்து டம்ளர் ஒரு லிட்டர்' என்பது 200 மில்லி டம்ளருக்கே பொருந்தும். உங்கள் டம்ளர் 160 மில்லியே பிடிக்குமானால் ஐந்து டம்ளர் 800 மில்லி. கரைசல் கால்பங்கு அடர்ந்துவிடும். இதை விட முடியாது. அரைக்கரண்டிக்குப் பதில் முழுக்கரண்டி உப்பு என்றால் இரண்டு மடங்கு. குவித்தால் மூன்று மடங்கு. இதை விடவே முடியாது. நானோ, நீரில் ஐந்து மடங்கு தவறினேன். நான்கு தசம இடத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஒற்றை இலக்கத்துப் பிழை தெரியாமல் போயிற்று!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி அளப்பது வேறு; சரியாக அளப்பது வேறு. நம் உணவுக்கூடத்துச் சுவர்க்கடிகாரம் நாள்தோறும் பத்து நிமிடம் பின்தங்கியே காட்டுமானால் அது ஒழுங்கான கடிகாரம். சரியான கடிகாரம் அன்று. பெரிய கரண்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கவனமாகத் தலைதட்டினாலும், ஒவ்வொரு முறையும் ஒரே தவற்றையே செய்வோம். ஒழுங்கு, தன்னைத்தான் சோதித்துக்கொள்ளாது. வெளியேயிருந்து ஓர் அளவுகோல் வந்து சோதிக்க வேண்டும்.

விரலே அளவுகோலாயிற்று

அப்படியானால் தராசும் கரண்டியும் இல்லாத ஏழை வீட்டில் என்ன செய்வது? இதற்கு விடை வங்கதேசத்தில் கிடைத்தது. 1980 முதல் 1990 வரை 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனத்துப் பெண் ஊழியர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றார்கள். அரைச் சேர் தண்ணீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று தாய்மார்களுக்குச் செய்தே காட்டிக் கற்பித்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றார்கள்.

'சிட்டிகை ஓர் அளவா?' என்று நாம் நகைக்கலாம். அவர்கள் நகைக்கவில்லை, சோதித்தார்கள். தாய்மார் கலந்த கரைசலை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று சோடியத்தை அளந்தார்கள். கற்பித்த சில நாட்களுக்குப் பின் வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று கேட்டறிந்தார். அதைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம். தாய் மறந்தால் ஆசிரியைக்குக் கூலி குறையும்! இப்படிப்பட்ட பள்ளிக்கூடம் நமக்கு வாய்த்திருந்தால் எத்தனை பேராசிரியர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

என் அம்மா சாம்பாருக்கு உப்பை உள்ளங்கையில் எடுத்துப் போடுவாள், ஒருநாளும் தவறியதில்லை. இருபது ஆண்டுகளாக நாள்தோறும் போட்டு, நாள்தோறும் சுவைத்து, நாங்கள் முகம் சுளித்ததைக் கண்டு திருத்திய கை அது. சோதனைக்கு உட்பட்ட கை தராசுக்கு ஈடாகும். நானும் ஆய்வுக்கூடத்தில் மூன்று விரலால் உப்பெடுத்துப் பத்து முறை நிறுத்துப் பார்த்தேன். இரு முறை ஒன்றுபோல் வரவில்லை. சோதிக்கப்படாத கைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

விடுதியில் நாம் செய்ய வேண்டியது

முதலில், அறைதோறும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு இருக்கட்டும். வாங்கும்போதே பின்புறத்தைப் படித்து, '1 லிட்டர்' என்றோ '200 மில்லி' என்றோ முன்புறத்தில் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிவையுங்கள். நள்ளிரவில் சிறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரை டம்ளரால் அளக்காதீர்கள். கடையில் விற்கும் ஒரு லிட்டர்த் தண்ணீர்ப் புட்டி நல்ல அளவை. அதைக் கழுவி, வேறெதற்கும் பயன்படுத்தாமல் வையுங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரில் கலக்குங்கள். கலந்த பின் காய்ச்சாதீர்கள். பாலிலும் பழரசத்திலும் சோடாவிலும் கரைக்காதீர்கள். ஒரு நாளுக்குமேல் வைக்காதீர்கள்.

வீட்டுக்கலவைக்கு 5 மில்லி என்று குறித்த மருந்து மூடியோ கரண்டியோ கைவசம் இருக்கட்டும். இருமல் மருந்துப் புட்டியோடு வருவதே போதும். உங்கள் கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் நீரூற்றி ஒரு முறை அளந்து பாருங்கள். பொடியுப்பையே எடுங்கள். கத்தியின் முதுகால் தலைதட்டுங்கள். சர்க்கரை எது, உப்பு எது என்று நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே போடுங்கள். 1962-இல் அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்னும் ஊரில், குழந்தைகளின் பாலில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார்கள். பச்சிளங்குழந்தைகள் சிலர் மாண்டனர். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரிப் புட்டி.

கலந்ததை நோயாளிக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் குடியுங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். நாக்கு எண் சொல்லாது. ஆனால் ஐந்து மடங்கை ஒருபோதும் விடாது. அன்றிரவு நான் ஒரு வாய் குடித்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இராது.

குடிக்கும்போது மடமடவென்று வேண்டாம். மெல்ல மெல்லக் குடிக்கட்டும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் வராமை, மயக்கம், குடித்ததெல்லாம் வாந்தியாதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கைக்குழந்தையானால் தொடக்கத்திலேயே ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. குளிர்பானமும், டப்பாவில் வரும் குளுக்கோஸ் பொடியும் ஓ.ஆர்.எஸ். ஆகமாட்டா. குளிர்பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, உப்போ பெயரளவு. ஓ.ஆர்.எஸ். என்று அட்டையில் அச்சிட்டு, உள்ளே சர்க்கரைப் பானத்தை அடைத்து விற்ற காலமும் இருந்தது. உரிய கலவை அல்லாத பானங்களின் பெயரில் அச்சொல்லைச் சேர்க்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உத்தரவு கடைக்காரரைத் திருத்தும். வாங்கும் நம்மைத் திருத்துவது, அட்டையில் உள்ள அளவைப் படிக்கும் பழக்கம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆற்றோடு போகிற பொருளுக்கே அளவு வேண்டுமானால், தோழன் வாய்க்குள் போகிற பொருளுக்கு எவ்வளவு வேண்டும்! எங்கள் அறை அலமாரியில் இப்போது ஒரு லிட்டர்ப் புட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் தூத்துக்குடித் தோழர் தம் கையாலேயே சிவப்பு மையில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார்: "இதுவரை தண்ணீர். வாசித்துவிட்டுக் கொட்டு." பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது. ஆயினும் அந்தப் புட்டியை நான் அகற்றவில்லை.